ஆறிவரும் புண்கள் பிரிவு

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், துணி வெளுக்கும் கட்டடத்துக்குப் பின்னால், ஆறாத புண்கள் பிரிவு என்று ஒன்று இருந்தது. பெயர் உள்ளதைச் சொன்னதால் அதை மாற்ற வேண்டியதாயிற்று. புதிதாக வந்த பிரிவுத் தலைவர் முதல் நாள் காலை பலகையைப் பார்த்துவிட்டு, "ஆறாதுன்னு நாமளே எழுதி வெச்சா அது எப்படிங்க ஆறும்?" என்று கேட்டார். கூட நின்றவர்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று மாதம் கோப்பு நடந்து, ஆறிவரும் புண்கள் பிரிவு என்று புதுப் பலகை வந்தது. அந்த மூன்று மாதத்தில் உள்ளே மாறிய ஒரே பொருள் ஒரு பெஞ்ச். அது உடைந்துவிட்டது.

புதுப் பலகையின் கீழே ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து நின்றவரை எல்லாரும் மீட்டர் என்று கூப்பிடுவார்கள். துணிக்கடையில் துணி அளந்து கிழிப்பவர். இருபத்தாறு வருடமாகக் கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது. துணியைக் கையில் வாங்கினாலே "ரெண்டே கால் இருக்கும்" என்பார். அளந்தால் ரெண்டே கால் இருக்கும். அந்தக் கடையில் வாடிக்கையாளர் உட்காரலாம், துணி படுத்துக்கொள்ளலாம், விற்கிறவர் மட்டும் நிற்க வேண்டும். அது முதலாளியின் அப்பா காலத்துச் சட்டம். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை மீட்டர் நின்றார். இருபத்தாறு வருடம் நின்ற கால், அவரிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளுக்குள் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது.

பதினொரு மாதத்துக்கு முன்னால் துணிக்கட்டு இறக்கும்போது தகரப் பட்டை ஒன்று இடது கணுக்காலுக்கு மேலே, உள்பக்கத்தில், லேசாகக் கீறியது. நகக்கண் அளவு கீறல்தான். அது ஆறவில்லை. மருந்துக்கடைக்காரர் முதலில் ஒரு களிம்பு கொடுத்தார். பிறகு அதைவிடப் பவர் ஜாஸ்தியான களிம்பு, அப்புறம் பொடி, அப்புறம் மாத்திரை. களிம்புக்கு ஏற்றபடி புண்ணும் வளர்ந்தது. சுற்றியுள்ள தோல் கறை பிடித்த மாதிரி பழுப்பானது, அரித்தது. சாயங்காலம் கால் வீங்கி, செருப்பு வார் உள்ளே புதைந்தது. புண்ணிலிருந்து தண்ணீர் கசிந்து கால்சட்டை ஓரம் நனைந்தது. கடைசியில் சட்டைத் துணி எடுக்க வந்த ஓர் அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுத்த கவுண்டருக்குப் போய்விட்டார்.

முதலாளி அன்றைக்கே மீட்டரைக் குடோனுக்கு அனுப்பினார். "புண்ணு ஆறிடுச்சுன்னு ஆஸ்பத்திரில எழுதி வாங்கிட்டு வா, கவுண்டர் உன்னோடதுதான். மூணு மாசம் பாக்கறேன். அதுக்கு மேல என்னைக் கேக்காத" என்றார். அவர் பார்வையில் இது பெருந்தன்மை.

ஆறிவரும் புண்கள் பிரிவில் முதல் ஜன்னல் பதிவு எழுத்தருடையது. அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பொறந்த தேதி?"

மீட்டர் சொன்னார்.

"உங்களோடது யாருக்கு வேணும்? புண்ணோடது."

"அது வந்து சார்... பதினோரு மாசம் இருக்கும்."

எழுத்தர் பேனாவை மூடினார். "அப்படி எழுத முடியாது. இங்க எந்தப் புண்ணுக்கும் பன்னெண்டு வாரத்துக்கு மேல வயசு கிடையாது."

"ஏன் சார்?"

"பன்னெண்டாவது வாரம் ஆறிடும்."

"ஆறலைன்னா?"

எழுத்தர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே யோசித்தார். பிறகு, "அந்த மாதிரி யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு அன்றைய தேதியை எழுதினார். இப்படியாக மீட்டரின் புண் அன்று காலை ஒன்பதே முக்காலுக்குப் பிறந்தது. அதற்கு நானூற்றுப் பதினெட்டு என்று எண் கொடுத்தார்கள். மீட்டருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இன்றைக்குப் பிறந்த புண்ணுக்கு எவ்வளவு பலம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது அறையில் ஒரு சிஸ்டர் இருந்தார். அந்தப் பிரிவில் வேலை செய்த பதினான்கு பேரில் காலைத் தொடுகிறவர் அவர் ஒருவர்தான். கையிலும் கணுக்காலிலும் மாறி மாறிப் பட்டை சுற்றி, சின்னக் கருவியை வைத்து, காலுக்கு ரத்தம் சரியாக இறங்குகிறதா என்று பார்த்தார். கருவி உஷ் உஷ் என்றது. சிஸ்டருக்கு முகம் தெளிந்தது.

"நல்ல காலம்ணே, ரத்தம் கீழ நல்லா வருது. வந்த ரத்தம் மேல ஏறத்தான் மாட்டேங்குது."

"ஏன் சிஸ்டர்?"

"குழாய்க்குள்ள குட்டிக் குட்டிக் கதவு மாதிரி இருக்கும். நின்னு நின்னு அது தொங்கிப்போச்சு. ரத்தம் கீழயே தேங்கி நிக்குது. தேங்கின இடத்துல தோலுக்குச் சாப்பாடு கிடைக்கல. அங்க கீறினா எப்படி ஆறும்? நீங்க பதினோரு மாசமா புண்ணுக்கு வைத்தியம் பாத்திருக்கீங்க. காலுக்குப் பாக்கல."

புண்ணை வெறும் தண்ணீரில் கழுவினார். சுற்றியுள்ள காய்ந்த தோலுக்கு எண்ணெய்ப் பசையான களிம்பு தடவினார். ஒட்டாத துணியைப் புண்மேல் வைத்து, பஞ்சு சுற்றி, அதற்கு மேல் விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை இழுவைக் கட்டு போட்டார். கணுக்காலில் நல்ல இறுக்கம், மேலே போகப் போகக் கொஞ்சம் தளர்வு. மீட்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். துணியை ஒரே இழுப்பில் ஒரே அளவுக்கு இழுக்கிற கை அவருக்குத் தெரியும்.

"இந்தக் கட்டுதான் மருந்து. வாராவாரம் வாங்க. உக்காந்தா காலை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க. நின்ன இடத்துலயே நிக்காதீங்க, நடங்க. விரல் மரத்தா, நீலமாயிட்டா உடனே கட்டை அவுத்துட்டு ஓடி வாங்க. ஆறும்ணே. ஆனா மெதுவாத்தான் ஆறும். ஆறினதுக்கப்புறமும் இறுக்கமான காலுறை போட்டே ஆகணும், இல்லைன்னா திரும்ப வரும்."

மீட்டர் சொன்னபடி செய்தார். குடோனில் ஆள் வராத நேரத்தில் நாலு துணிக்கட்டுமேல் காலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் கட்டுப் பிரிக்கும்போது தன் நாடாவை வைத்துத் தானே அளந்தார். வந்த அன்று ஆறு சென்டிமீட்டருக்கு நாலு. நாலாவது வாரம் நாலுக்கு ரெண்டரை. ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. விடுதியில் பாத்திரம் கழுவும் அவர் மனைவி அன்று வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து அந்தப் புதுத்தோலைப் பார்த்தாள். குழந்தை பல் முளைத்ததைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

அந்தப் பிரிவு இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு சிஸ்டரும் நாலு சுருள் துணியும் மட்டும் இருந்தால் அதற்குப் பிரிவு என்று பெயர் வைக்க முடியாது. தலைவர் வேண்டும், கூட்டம் வேண்டும்.

ஒவ்வொரு புதன்கிழமையும் மறுஆய்வுக் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு புண்ணின் மேலும் கண்ணாடித் தாளை வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்து எடுப்பார்கள். அந்தத் தாள் உள்ளே போகும். காலும் காலுக்குச் சொந்தக்காரரும் வெளியே பெஞ்சில் இருப்பார்கள். ஜன்னல் சரியாக மூடாததால் உள்ளே பேசுவது வெளியே கேட்கும்.

"நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு காலைக்கூடப் பாத்ததில்ல" என்று தலைவர் ஒரு புதன்கிழமை சொன்னார். குரலில் பெருமை இருந்தது. "ஏன்? பாத்தா மனசு இளகிடும். இளகினா தரம் போயிடும். நோயாளிகிட்ட கேட்டா வலிக்குதும்பான். அது அவனோட அபிப்பிராயம். தாளுக்கு வலிக்கறதில்ல. அதனால தாள் பொய் சொல்லாது."

கைதட்டல் வெளியே பெஞ்ச் வரை கேட்டது. பெஞ்சில் இருந்த ஒரு கிழவரும் பழக்கதோஷத்தில் தட்டினார்.

ஐந்தாவது வாரம் மீட்டர் போனபோது சிஸ்டர் அறை பூட்டியிருந்தது. நோயாளிகளைக் கூட்டி வைத்துத் தலைவர் காரணத்தைச் சொன்னார். ஏழு வாரம் கழித்துத் தரச் சான்றுக் குழு வரப் போகிறது. அதற்கு வழிகாட்டிப் புத்தகம் ஒன்று வேண்டும்.

"நம்ம சிஸ்டர் மாதிரி கட்டுப் போடறதுக்கு இந்த ஊர்லயே ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்ட திறமையைக் கட்டுப் போடறதுலயே வீணாக்கலாமா? அதனால அவங்களை மாடில உக்கார வெச்சிருக்கோம். கட்டுப் போடறது எப்படின்னு புத்தகம் எழுதறாங்க."

"அதுவரைக்கும் யாருங்க கட்டுப் போடுவாங்க?" என்று மீட்டர் கேட்டார்.

"புத்தகம் வரட்டுமே. முறை தெரியாம கட்டுப் போட்டா ஆபத்து இல்லையா? உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

கட்டுத் துணிகள் கண்ணாடி அலமாரிக்குப் போயிருந்தன. அறுபது சுருள், அளவு வாரியாக, சீட்டு ஒட்டி அடுக்கியிருந்தார்கள். குழு வரும்போது இருப்பு குறைவாகத் தெரியக் கூடாதாம். மீட்டர் அலமாரிக்கு முன்னால் நின்று ஒரு சுருளையாவது எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டார். காவலுக்கு இருந்தவர், "அது பாக்கறதுக்குங்க" என்றார்.

அன்றைக்குத் தாள் வரைய வேண்டிய சிஸ்டரும் இல்லை. எழுத்தரே வரைந்தார். மீட்டர் காலை நீட்டினார். எழுத்தர், "காலை எடுங்க, மேசை அழுக்காகும்" என்று சொல்லிவிட்டுப் போன வாரத் தாளின் மேல் புதுத் தாளை வைத்து, பழைய கோட்டுக்குச் சரியாக ஒரு நூல் உள்ளே புதுக் கோடு போட்டார். நிதானமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, அழகாகப் போட்டார்.

மீட்டர் அந்தக் கோட்டையே பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் துணியைப் பார்க்காமல் அவர் அளவு சொன்னதில்லை.

"சார், புண்ணைப் பாக்கவே இல்லையே. அளவு எப்படிப் போட்டீங்க?"

"பன்னெண்டாவது வாரம் ஒரு புள்ளில வந்து நிக்கணும். அதுலேர்ந்து பின்னாடி கணக்குப் போட்டா வாரத்துக்கு இவ்வளவு குறையணும். அது ஏற்கெனவே முடிவானதுங்க. நான் சும்மா வரையறேன், அவ்வளவுதான்."

"போன வாரக் கட்டு தளர்ந்து ரெண்டு நாளா கால் வீங்குது சார். பெருசாயிடுச்சுன்னா?"

எழுத்தர் பதிவுப் பாரத்தை ஜன்னல் வழியாகக் காட்டினார். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன: சுருங்கியது, நன்கு சுருங்கியது, ஆறியது. "பெருசாகறதுக்கு இதுல இடம் எங்க இருக்கு, நீங்களே பாருங்க" என்றார்.

மீட்டர் பார்த்தார். இடம் இல்லைதான்.

அதற்குப் பிறகு காலில் ஒரு புண்ணும் தாளில் ஒரு புண்ணும் இருந்தன. காலில் இருந்தது ஆறாவது வாரம் ஐந்து சென்டிமீட்டர், எட்டாவது வாரம் ஏழு, பத்தாவது வாரம் ஒன்பது. தாளில் இருந்தது வாரத்துக்கு ஒரு நூலாக ஒழுங்காகச் சுருங்கிக்கொண்டு வந்தது. அந்தத் தாள்களை வரிசையாகச் சுவரில் ஒட்டினார்கள். பார்க்கிறவர்களுக்குக் கோடையில் குளம் வற்றுவது போல் இருந்தது. சுவரைப் பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்க்கும்போது, நாம்தான் ஏதோ தப்புச் செய்கிறோமோ என்று மீட்டருக்கே சந்தேகம் வந்தது. கடைத் துணியில் லைனிங் வாங்கி வந்து தானே இறுக்கிச் சுற்றிப் பார்த்தார். அதற்கு இழுவை கிடையாது. பத்து மணிக்கெல்லாம் நழுவி, நடுக்காலில் கயிறு மாதிரி திரண்டு, அதற்குக் கீழே இன்னும் வீங்கியது. வெளியே ஒரு டாக்டரிடம் போனார். "அங்க பதிவாகியிருக்கே, அவங்க எழுதிக் குடுக்காம நான் தொட முடியாது" என்று அவர் திருப்பி அனுப்பினார்.

மனைவி பொறுக்கமாட்டாமல் மீட்டரை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சிஸ்டர் நூற்று நாற்பதாவது பக்கத்தில் இருந்தார். காலைப் பார்த்தார். பேனா கையிலேயே நின்றுவிட்டது.

"அடப்பாவிங்களா" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

அங்கேயே உட்கார்ந்து, இரண்டே இரண்டு சுருள் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது: கட்டுப் போடும் முறைக்கான வழிகாட்டி இன்னும் ஒப்புதல் பெறவில்லை, ஒப்புதல் பெறாத முறையில் கட்டுப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை, வழிகாட்டியை எழுதுபவருக்கும் இது பொருந்தும்.

பன்னிரண்டாவது வாரம் தரச் சான்றுக் குழு வந்தது. மூன்று பேர். அலமாரியைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், வழிகாட்டியின் அட்டையைத் தடவிப் பார்த்து, "நல்ல கனம்" என்றார்கள். வெளியே பெஞ்சில் பதினேழு கால்கள் இருந்தன. குழுவுக்கு நேரம் இல்லை.

பிறகு மேடை. ஆறிய புண் ஒன்றைக் குழுவுக்குக் காட்ட வேண்டும் என்று மீட்டரைக் கூப்பிட்டார்கள். மீட்டர் ஏறும்போது நடை இழுத்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இதோ நிக்கறாரே, இவரோட புண்ணு பன்னெண்டே வாரம் வாழ்ந்தது. தாள்ல பாருங்க, ஒரு வாரம்கூடப் பின்வாங்கல. இந்தப் பிரிவுல நூத்துக்கு நூறு. திரும்ப வந்தது பூஜ்யம். எப்படின்னு கேக்கறாங்க. ரகசியமே இல்லைங்க. மத்தவங்க புண்ணை ஆத்தப் பாக்கறாங்க. நாங்க பதிவேட்டை ஆத்தறோம்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் அதிகமாகக் கைதட்டினார்கள். மீட்டர் கையில் சான்றிதழ் வந்தது. அவர் நின்ற இடத்தில் கால்சட்டை ஓரத்திலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "யாருப்பா மைக் வெச்சது, தண்ணியைக் கொட்டி வெச்சிருக்கீங்களே, தொடைங்க" என்றார்.

படி இறங்கியதும் மீட்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, புண்ணு இருக்குங்களே."

"உங்க எண் என்ன?"

"நானூத்திப் பதினெட்டு."

"அது ஆறிடுச்சு."

"அப்ப கால்ல இருக்கறது?"

"அது நம்மளோடது இல்ல" என்று தலைவர் கனிவாகச் சொன்னார். "புதுசா பதிவு பண்ணிக்கோங்க."

எழுத்தர் பாரத்தை எடுத்தார், பாதி எழுதினார், நிறுத்தினார். "அதே காலா? அதே இடமா? அப்படின்னா அது புதுப் புண்ணு இல்லைங்க, திரும்பி வந்த புண்ணு. திரும்பி வந்ததுக்குப் பாரம் அடிக்கல. இங்கதான் திரும்பி வர்றதே இல்லையே." கொஞ்சம் யோசித்துவிட்டு, உதவுகிற எண்ணத்தில், "வலது கால்ல வந்தா இன்னிக்கே போட்டுடலாம்" என்றார்.

அன்றைக்கு வீட்டில் சண்டை வந்தது. "அந்தக் காகிதத்தைக் கிழிச்சு அடுப்புல போடுங்க. அது இருக்கற வரைக்கும் உங்க காலை யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள் மனைவி.

"கிழிச்சா வேலை போயிடும்."

"கால் போனா?"

மீட்டர் சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளி கொடுத்த மூன்று மாதம் அந்த வாரத்தோடு முடிந்தது. மறுநாள் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலாளி இரண்டு தடவை படித்தார். "ஆறிடுச்சில்ல? அப்ப நில்லு" என்று கவுண்டரைக் காட்டினார். குடோனில் படுத்துக் காலைத் தூக்கி வைக்க வழி இருந்தது. கவுண்டரில் அதுவும் இல்லை. ஆறிய காலுக்கு அது எதற்கு?

எட்டு நாள் நின்றார். ஒன்பதாம் நாள் காலை எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சிவப்பு கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஏறியிருந்தது, தொட்டால் சுட்டது. மனைவி வண்டி பிடித்து எட்டு மணிக்கெல்லாம் அவசரப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அங்கே இருந்த டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "கால் புண் ஆறியதுன்னு இருக்கேம்மா."

"கம்ப்யூட்டரை விடுங்க டாக்டர், காலைப் பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஊசி போடச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார். "இது புண்ணுதாம்மா, உள்ள சீழ் வெச்சிருக்கு. உடனே தியேட்டருக்குப் போகணும். ஆனா காரணம்னு புண்ணை எழுதினா இது ஏத்துக்க மாட்டேங்குது, ஆறினதை நான் திறக்க முடியாது. புண் பிரிவுத் தலைவர் திறக்கணும்."

தலைவர் அன்று ஊரில் இல்லை. வேறொரு ஊரில் நூற்றுக்கு நூறு என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தார். போனில் பிடித்தபோது, சான்று வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, திறப்பதைப் பற்றி வந்து பேசுவோம் என்றார். காய்ச்சலுக்கு வேறு காரணம் ஏதாவது இருக்கும், நன்றாகத் தேடுங்கள் என்றும் சொன்னார். தேடினார்கள். நெஞ்சில் தேடினார்கள், சிறுநீரில் தேடினார்கள். மனைவி வராந்தாவில் போகிற வருகிறவர்களின் கையைப் பிடித்து, "கால்ல இருக்குங்க, கால்ல இருக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு மனநிலை சரியில்லை என்று ஒருவர் குறித்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் விஷயம் மாடிக்குப் போனது. புத்தகத்துக்கு ஒப்புதல் வராததால் இன்னும் மாடியிலேயே இருந்த சிஸ்டர் இறங்கி வந்தார், யாரையும் கேட்கவில்லை. பதிவறைக்குள் போய் நானூற்றுப் பதினெட்டின் கோப்பை எடுத்து, ஆறியது என்ற கட்டத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் "ஆறவில்லை" என்று எழுதி, தன் பெயரைக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கோப்பிலிருந்த உண்மையான சொல் அது ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டியதும் அரை மணி நேரத்தில் மீட்டர் தியேட்டரில் இருந்தார்.

அறுவை டாக்டர் வெளியே வர மூன்று மணி நேரம் ஆயிற்று. "உயிருக்கு ஆபத்தில்ல. காலைக் காப்பாத்த முடியல. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டோம்." முகமூடியைக் கழற்றினார். களைத்துப் போயிருந்தார். "நேத்துக் காலைலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா."

"நேத்துக் காலைலதான் வந்தோம்" என்றாள் மனைவி.

ஒரு வாரத்தில் சிஸ்டருக்கு ஓலை வந்தது. ஆறியதாகச் சான்றளிக்கப்பட்ட புண் எண் 418-ஐ, உரிய அனுமதியின்றித் தன்னிச்சையாக ஆறாத புண்ணாக மாற்றியமைத்தமைக்கும், அதன் மூலம் பிரிவின் நூறு சதவீதத்துக்கு ஊறு விளைவித்தமைக்கும் ஏன் தங்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கவும். சிஸ்டர் ஒரே வரியில் விளக்கம் எழுதினார்: புண் இருந்தது. இருந்ததா இல்லையா என்பதை நேரில் பார்த்து முடிவு செய்ய விசாரணைக் குழு அமைந்தது. இப்படித்தான் பிரிவுத் தலைவர் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல் முறையாக ஒரு காலைப் பார்க்கப் புறப்பட்டார்.

மீட்டர் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைவர், எழுத்தர், இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். சிஸ்டரைக் கால்மாட்டில் நிறுத்தினார்கள். எழுத்தர் போர்வையை விலக்கினார்.

"இடது கால்" என்றார் தலைவர். "புண்ணு எங்க?"

"கால் எங்கேன்னு மொதல்ல கேளுங்க" என்றாள் மனைவி.

"அம்மா, நாங்க புண் பிரிவு. கால் வேற பிரிவு." எழுத்தர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க. நேரில் பார்த்ததில் புண் எதுவும் காணப்படவில்லை."

எழுத்தர் எழுதினார். சிஸ்டர் தரையைப் பார்த்தபடி நின்றார். மீட்டருக்கு அது பொறுக்கவில்லை. தனக்காக ஒருத்தி தலைகுனிந்து நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஐயா, சிஸ்டர் பொய் சொல்லல. புண்ணு இருந்துச்சு. இப்பகூட வலிக்குது."

தலைவர் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். குரல் மிருதுவாகிவிட்டது. "எங்க வலிக்குது? சொல்லுங்க."

"இடது கணுக்காலுக்கு மேல. உள்பக்கம்."

தலைவர் எழுந்துகொண்டார். "இல்லாத காலில் வலிப்பதாக நோயாளி கூறுகிறார். எழுதிட்டீங்களா? ஆகவே அவர் இதற்கு முன் கூறிய வலியையும் வீக்கத்தையும் இதே வகையில்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது."

"சார், கால் எடுத்தவங்களுக்கு அப்படித்தான் வலிக்கும்" என்றார் சிஸ்டர். "அது நிஜமான வலி சார். அதுக்கு மருந்து இருக்கு, எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

"இதையும் எழுதிக்கோங்க" என்றார் தலைவர். "இல்லாததைப் பார்ப்பது சிஸ்டருக்கு வழக்கம்."

அவர்கள் போய்விட்டார்கள். சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நூறு சதவீதம் அப்படியே நின்றது.

மனைவி போர்வையை இழுத்து மூடினாள். "எதுக்குங்க சொன்னீங்க? அந்த ஆள் எதுக்குக் கேக்கறான்னு தெரியலையா உங்களுக்கு? அந்தப் பொண்ணோட வேலையும் போச்சு."

மீட்டர் பேந்தப் பேந்த விழித்தார். தான் செய்தது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"மூணு மாசமா அங்க போய் உக்காந்திருந்தேன்" என்றார். "அந்தத் தலைவர் ஒரு தடவைகூட எங்க வலிக்குதுன்னு கேட்டதில்ல. இன்னிக்குத்தான் கேட்டாரு. கேட்டதும் சொல்லிட்டேன்."

அவளுக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதபடியே கட்டிலில் உட்கார்ந்து, "இப்பவும் வலிக்குதா?" என்று கேட்டாள்.

"வலிக்குது."

போர்வை தட்டையாகக் கிடந்த பக்கத்தில், கணுக்கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அவள் கையை வைத்தாள். "இங்கயா?"

"கொஞ்சம் கீழ" என்றார் மீட்டர்.

அவள் கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தி, வெறும் மெத்தையைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள்.